சூடு தெரிந்தால் எடை தெரியுமா?

நட்சத்திரத்தை எந்தத் தராசிலும் ஏற்ற முடியாது. பக்கத்தில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. பளிச்சென்று தெரிகிற சீரியஸிலிருந்து ஒளி நம்மிடம் வந்து சேரவே 8.6 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதன் மேற்பரப்பு எத்தனை டிகிரி கொதிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டால், ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரிக் கணக்குப் போட்டு அதன் நிறையைச் சொல்லிவிடலாம் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். நம்பிய பிறகு கொஞ்சம் சந்தேகப்படவும் வேண்டும். இந்த விஷயத்தின் ருசியே அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை 5,772 கெல்வின். (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின், இத்தனை ஆயிரங்களுக்கு நடுவே அந்த 273 ஒரு பொருட்டே அல்ல.) நீங்கள் எடை போட விரும்பும் நட்சத்திரத்தின் வெப்பநிலையை 5,772 ஆல் வகுங்கள். வந்த விடையை அதன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முடிந்தது! அந்த நட்சத்திரத்தில் எத்தனை சூரியன்களின் நிறை இருக்கிறது என்பது உங்கள் கையில்.

சோதித்துப் பார்ப்போமா? அபிஜித் எனப்படும் வேகாவுக்கு 9,600 கெல்வின். வகுத்தால் 1.66, வர்க்கமூலம் 1.29; பெருக்கினால் 2.14. ஆய்வாளர்கள் அலசி எடுத்த நிறை சுமார் 2.1. சீரியஸுக்கு 9,940 கெல்வின். நம் கணக்கில் 2.26, உண்மையில் 2.06. சித்திரை நட்சத்திரம், அதாவது ஸ்பைகா, 25,300 கெல்வின். நம் கணக்கில் 9.2, உண்மையில் 11-ஐ ஒட்டி வருகிறது. ஒரு சூரியன் என்பது 2-க்குப் பின்னால் 30 சுழியம் போட்ட கிலோ எடை. அப்படிப்பட்ட பூதங்களை, வெறும் சூட்டை வைத்து, பத்து இருபது சதவீதப் பிழைக்குள் பிடித்துவிடுகிறோம்! இது பாடப்புத்தகச் சூத்திரம் அல்ல, குத்துமதிப்பான கைக்கணக்குதான். ஆனாலும் கைக்கணக்கே இந்த லட்சணம் என்றால், முறையான கணக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

சூட்டுக்கும் எடைக்கும் அப்படி என்ன உறவு?

பிரஷர் குக்கரில் வெயிட் கூடினால் உள்ளே அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் சூடு ஏறும். நட்சத்திரத்துக்கு அதன் சொந்த உடம்பே வெயிட். நிறை அதிகமாக அதிகமாக, மேலே இருக்கும் வாயு மொத்தமும் நடுப்பகுதியைப் போட்டு அமுக்குகிறது. சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி. பத்து சூரிய நிறையுள்ள நட்சத்திரத்தின் மையத்தில் 3 கோடி. இரண்டு மடங்குதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள்! கனமான நட்சத்திரங்களில் ஹைட்ரஜன் எரியும் வழியே வேறு. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் இடைத்தரகர் வேலை பார்க்க, ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. இந்த எரிப்பின் வேகம் வெப்பநிலையின் 16, 17 அடுக்குப்படி எகிறும்!

விளைவு? நிறை இரண்டு மடங்கானால் ஒளி ஏறக்குறைய 11 மடங்கு. 1924-ல் ஆர்தர் எடிங்டன் இந்த நிறை–ஒளி உறவைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒளி இப்படி எகிறும்போது நட்சத்திரத்தின் உடம்பு அதே வேகத்தில் பெருப்பதில்லை. நிறை இரட்டித்தாலும் ஆரம் இரட்டிப்பதில்லை. அத்தனை ஒளியும் போதாத பரப்பின் வழியாகப் பிதுங்கி வெளியேற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சதுர மீட்டரும் கூடுதலாக எரிந்தே தீரவேண்டும். அதனால்தான் கனத்த நட்சத்திரம் சூடான நட்சத்திரம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நட்சத்திரம் நடுவயதில், மையத்தில் ஹைட்ரஜனை நிதானமாக எரித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பருவத்துக்கு முதன்மைத் தொடர் என்று பெயர். இதை நினைவில் வையுங்கள்; பின்னால் இதுதான் காலை வாரப்போகிறது.

சரி, சூட்டை எப்படி அளப்பது? நிறத்தைப் பார்த்து என்பீர்கள். சிவப்பு குளிர்ச்சி, மஞ்சள் நடுத்தரம், நீலம் கொதிப்பு. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் கொதிக்கிற நட்சத்திரங்களிடம் இந்த வித்தை பலிக்காது என்பது தெரியுமா? 20,000 கெல்வின் நட்சத்திரமும் 40,000 கெல்வின் நட்சத்திரமும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நீலம்! அவற்றின் ஒளியில் பெரும்பங்கு புற ஊதாக் கதிராகப் போய்விடுகிறது. 45,000 கெல்வினில் கண்ணுக்குத் தெரிகிற ஒளி மொத்தத்தில் சுமார் 2 சதவீதம்தான். நாம் பார்ப்பது யானையின் வால் நுனியைத்தான். அந்த நுனி எல்லா யானைக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு வழியில் கிடக்கும் விண்தூசி நீல ஒளியைத் தின்றுவிட்டுச் சிவப்பை மட்டும் அனுப்பிவைக்கும். கொதிக்கிற நட்சத்திரமும் ஆறிப்போனது போலத் தெரியும்.

இங்கேதான் ஒரு வங்காளத்து இளைஞர் நுழைகிறார். டாக்கா பக்கத்துக் கிராமத்தில் பிறந்த மேகநாத் சாஹா. 1920-ல், இன்னும் இருபதுகளில் இருந்தபோது, எந்தச் சூட்டில் எந்த அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்து நிற்கும் என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதற்கு முன்பே ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண்மணி, காது ஏறக்குறைய கேட்காத நிலையில், நட்சத்திர நிறமாலைகளைக் கண்ணால் பார்த்தே வகை பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றல்ல இரண்டல்ல, வாழ்நாளில் சுமார் 3,50,000 நட்சத்திரங்கள்! ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று அவர் அடுக்கிய வரிசை உண்மையில் வெப்பநிலை வரிசை என்பதற்குக் காரணம் சொன்னது சாஹாவின் சமன்பாடு. சாஹாவுக்கு நோபல் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் 10,000 கெல்வின் அருகே உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் சூடு ஏறினால் ஹைட்ரஜன் தன் ஒரே எலக்ட்ரானையும் இழந்துவிடுவதால் கோடு மங்கும். அப்போது ஹீலியம் மேடைக்கு வரும். இன்னும் சூடேறினால் ஹீலியமும் ஒரு எலக்ட்ரானைப் பறிகொடுத்து வேறு கோடுகள் காட்டும். முழு ஹீலியத்தின் கோடும் எலக்ட்ரான் இழந்த ஹீலியத்தின் கோடும் எந்த விகிதத்தில் இருக்கின்றன? அதுதான் மிகச் சூடான ஓ வகை நட்சத்திரங்களின் தெர்மாமீட்டர்!

இதைவிட வேடிக்கையான தெர்மாமீட்டர் ஒன்று உண்டு. ஓரியன் நெபுலாவை வெறும் கண்ணாலேயே ஒரு மங்கிய திட்டாகப் பார்க்கலாம். அதை எரியவைப்பது நடுவில் இருக்கும் தீட்டா-1 ஓரியானிஸ் சி என்ற, ஏறக்குறைய 39,000 கெல்வின் நட்சத்திரம். 1927-ல் டச்சுக்காரர் ஹெர்மன் சான்ஸ்ட்ரா ஒரு யோசனை சொன்னார். நட்சத்திரத்தின் புற ஊதாக் கதிரை நம்மால் பார்க்க முடியாவிட்டால் என்ன? அதைச் சுற்றியுள்ள வாயு அதை விழுங்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கக்குகிறதே, அந்த ஒளியை எண்ணுங்கள். உள்ளே போன புற ஊதா எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதிலிருந்து நட்சத்திரத்தின் சூடும் தெரிந்துவிடும். நட்சத்திரத்தைப் பார்க்காமலே அதன் காய்ச்சலை அளந்துவிட்டார் மனிதர்!

அருவங்காட்டில் பிறந்தவர் நட்சத்திரத்தை அளந்த கதை

நீலகிரி மலையில், ஊட்டி ரயில் பாதையில் அருவங்காடு என்று ஒரு ஊர். வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பேர்போனது. அங்கே 1916-ல் ஒரு ஆங்கிலக் குழந்தை பிறந்தது. அப்பாவுக்கு வேலை அந்தத் தொழிற்சாலையில். குழந்தையின் பெயர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். கொதிக்கும் நட்சத்திரங்களின் வெப்பநிலையை உலகத்திலேயே முதன்முதலாக, எந்த மாதிரிக் கணக்கையும் அதிகம் நம்பாமல், நேரடி அளவீட்டிலிருந்து எடுக்க வழி செய்தவர் இவர்தான் என்பது தெரியுமா? நம் ஊர்ப்பக்கம் இந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்!

அவருடைய யோசனையைக் கேட்டு இயற்பியலாளர்களே சண்டைக்கு வந்தார்கள். ஒரு நட்சத்திரத்தின் ஒளியை இரண்டு தனித்தனிக் கண்ணாடிகளில் பிடி. இரண்டிலும் ஒளியின் அளவு கணத்துக்குக் கணம் துளித்துளியாக ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் இரண்டு இடத்திலும் ஒத்துப்போகிறதா என்று பார். கண்ணாடிகளை விலக்க விலக்க ஒற்றுமை குறையும். எந்தத் தூரத்தில் குறைகிறது என்பதிலிருந்து நட்சத்திரத்தின் கோண அகலம் வந்துவிடும். ஃபோட்டான்கள் தனித்தனித் துகள்கள், அவை எப்படி ஒத்துப்போகும் என்று எதிர்ப்பு. ஹான்பரி பிரவுன் அசரவில்லை. ரிச்சர்ட் ட்விஸ் என்ற கணிதக்காரரோடு சேர்ந்து, 1956-ல், ராணுவத் தேடுவிளக்குகளின் கண்ணாடிகள் இரண்டை வைத்து சீரியஸின் அகலத்தை அளந்துகாட்டினார். வாய்கள் மூடின, குவாண்டம் ஒளியியல் என்ற துறைக்கே அந்தச் சண்டைதான் வித்தாயிற்று.

பிறகு ஆஸ்திரேலியாவில் நராப்ரை என்ற இடத்தில், 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் 6.5 மீட்டர் அகலக் கண்ணாடிச் சட்டங்கள் இரண்டை ஓடவிட்டார். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அங்கே 32 நட்சத்திரங்கள் அளக்கப்பட்டன. பெரும்பாலும் கொதிக்கிற ரகம். அதில் நயோஸ் என்ற தென்வானத்து நட்சத்திரத்தின் அகலம் 0.42 மில்லி ஆர்க்செகண்ட். ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி 2,000-க்கும் அதிகமான துண்டுகளாக நறுக்கினால் வருகிற ஒரே துண்டு!

அகலம் தெரிந்தால் சூடு எப்படித் தெரியும்? ஒரு பரப்பு வெளியிடும் ஒளி அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நட்சத்திரம் வானத்தில் எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்று நராப்ரை சொன்னது. 1968-ல் ஏவப்பட்ட ஓ.ஏ.ஓ.-2 செயற்கைக்கோள் அதன் புற ஊதா ஒளியை அளந்து சொன்னது. இரண்டையும் சேர்த்து வகுத்தால் சூடு! 1976-ல் 32 நட்சத்திரங்களுக்கும் இப்படி வெப்பநிலை வெளியிடப்பட்டது.

ஒரே சூடு, பதினொரு மடங்கு வித்தியாசம்

இனி சந்தேகத்துக்கு வருவோம். ஸ்பைகாவுக்கு 25,300 கெல்வின், 11 சூரிய நிறை என்று பார்த்தோம். சீரியஸின் பக்கத்தில் ஒளிந்திருக்கும் சிறிய துணை, சீரியஸ் பி, அதற்கும் ஏறக்குறைய அதே 25,000 கெல்வின்! நம் சூத்திரத்தைப் போட்டால் 9 சூரிய நிறை வரவேண்டும். உண்மையில் அதன் நிறை ஒரே ஒரு சூரியன். அதுவும் பூமியின் அளவேயுள்ள ஒரு உருண்டைக்குள்!

அது எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம், வெள்ளைக் குள்ளன். உள்ளே அடுப்பு அணைந்துவிட்டது, பழைய சூடு மட்டும் கசிந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட மிச்சத்தின் நிறைக்கு ஒரு உச்சவரம்பு (இன்றைய கணக்கில் 1.4 சூரிய நிறை) உண்டு என்று 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியிலேயே கணக்குப் போட்டவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது சந்திரசேகர்.

ஏமாற்றுவதில் வயசான நட்சத்திரங்கள் இன்னும் கில்லாடிகள். ஓரியனின் காலடியில் நீலமாக ஜொலிக்கும் ரைஜலுக்கு 12,100 கெல்வின். நம் கணக்கில் 3 சூரியன். உண்மையில் சுமார் 20! ஒரு காலத்தில் இது 30,000 கெல்வினுக்கும் மேல் கொதித்த நட்சத்திரம். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்தபின் உடம்பு ஊதி, இப்போது சூரியனைப்போல் 70 மடங்குக்கும் மேல் அகலம். பரப்பு விரிந்தால் சூடு தணியும். எடை அப்படியே இருக்கிறது, தெர்மாமீட்டர்தான் பொய் சொல்கிறது.

அப்படியானால் எதிரே இருப்பது நடுவயதுக் குட்டியா, ஊதிப்போன கிழமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹார்வர்டில் அன்டோனியா மோரி என்ற இன்னொரு பெண் அதற்கும் விடை வைத்திருந்தார். ஒரே வெப்பநிலையுள்ள நட்சத்திரங்களில் சிலவற்றின் கோடுகள் மட்டும் கத்தியால் கீறியது போல மெல்லியதாக இருப்பதை அவர் 1897-லேயே தனியாகக் குறித்துவைத்தார். அவருடைய மேலதிகாரி எட்வர்ட் பிக்கரிங்குக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1905-ல் டென்மார்க்கின் ஐனார் ஹெர்ட்ஸ்ப்ரங் அந்தக் குறிப்பைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காத குறைதான். மெல்லிய கோடு உள்ளவை எல்லாம் ராட்சசப் பிரகாசம் கொண்டவை! ஊதிய நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஈர்ப்பு குறைவு, வாயு அடர்த்தி குறைவு, அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக் கோட்டைக் குழப்புவதும் குறைவு. ஆகவே இன்றைக்கு ஹைட்ரஜன் கோட்டின் அகலத்தைப் பார்த்து மேற்பரப்பு ஈர்ப்பை எடுக்கிறார்கள். சூடும் ஈர்ப்பும் சேர்ந்தால் எடை ஓரளவு வசப்படும்.

வசப்பட்டதா? அதுதான் இல்லை! சில நட்சத்திரங்களுக்கு ஒரே வெப்பநிலை என்பதே கிடையாது, தெரியுமா?

மக நட்சத்திரமான ரெகுலஸ் 16 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. சூரியனுக்கு ஒரு சுற்றுக்கு 25 நாள் தேவை. ரெகுலஸின் நடுப்பகுதி நொடிக்கு சுமார் 320 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகம் கூடினால் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் உருண்டை நசுங்கி, நடுவில் பிதுங்கி நிற்கிறது. பிதுங்கிய இடத்தில் ஈர்ப்பு குறைவு, சூடும் குறைவு. துருவத்துக்கும் நடுப்பகுதிக்கும் 3,000 கெல்வினுக்கு மேல் வித்தியாசம்! நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெப்பநிலையும் மாறும், அதிலிருந்து போடும் எடையும் மாறும். முதலில் சோதித்த வேகாகூட இப்படிச் சுழலும் ரகம்தான். அதன் துருவத்தைத்தான் நாம் ஏறக்குறைய நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ரெகுலஸ் விவகாரத்திலும் சந்திரசேகர் வருகிறார்! சூடான நட்சத்திரங்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி ஒரு திசையில் முனைவாக்கம் பெற்றிருக்கும் என்று அவர் 1946-ல் கணித்தார். நட்சத்திரம் நல்ல உருண்டையாக இருந்தால் எல்லா விளிம்பும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். நசுங்கியிருந்தால் மிச்சம் தெரியும். 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த மிச்சத்தை ரெகுலஸில் அளந்தார்கள். எழுபது ஆண்டு கழித்து!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று உச்சாணியில் நடந்தது. பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரத்தில், டரான்டுலா நெபுலாவின் நடுவில் ஆர்136 என்று ஒரு வெளிச்சப் புள்ளி. 1981-ல் அதன் புற ஊதா நிறமாலையைப் பார்த்தவர்கள், இது சுமார் 60,000 கெல்வினில் கொதிக்கும் ஒற்றை நட்சத்திரம், நிறை ஏறக்குறைய 2,500 சூரியன் என்று அறிவித்தார்கள். இரண்டாயிரத்து ஐநூறு! உலகமே வாயைப் பிளந்தது. நான்கே வருடத்தில், 1985-ல், ஜெர்மானிய ஆய்வாளர்கள் காற்றின் நடுக்கத்தை நீக்கும் ஸ்பெக்கிள் உத்தியால் பார்த்தபோது அந்த ஒற்றை ராட்சசன் எட்டுத் துண்டாகப் பிரிந்தான். ஒரு நட்சத்திரம் இல்லை, ஒரு கூட்டம்!

கூட்டத்தில் பெரியவன் ஆர்136ஏ1. 2010-ல் அவனுக்கு 53,000 கெல்வின் சூடு, 265 சூரிய நிறை என்றார்கள். 2020-ல் சூடு 46,000 ஆயிற்று, நிறை 215-க்கு வந்தது. 2022-ல் சிலியிலுள்ள ஜெமினி தொலைநோக்கி இன்னும் தெளிவாகப் படம் எடுக்க, 200-க்குச் சற்றுக் கீழே இறங்கியது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எழுபது சூரியன்களைத் தொலைத்துவிட்டார்கள்! நட்சத்திரம் இளைக்கவில்லை ஐயா, கணக்குதான் இளைத்தது.

ஏன் இத்தனை தடுமாற்றம்? நம் கைக்கணக்கை உச்சாணிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 41,000 கெல்வினுக்கு அது 19 சூரியன் என்கிறது. உண்மையோ அதைப்போல் இரண்டு மடங்கு. அதற்கு மேலே போகப்போக, நிறை எத்தனை கூடினாலும் வெப்பநிலை அசைந்து கொடுப்பதில்லை. 40 சூரிய நிறையிலிருந்து 200-க்குப் போகும்போது நிறை ஐந்து மடங்கு, சூடோ 40,000-லிருந்து 50,000 பக்கம் போவதற்கே திணறுகிறது. ஒளியின் அழுத்தமே மேற்பரப்பை வெளியே தள்ளி ஊதவைக்கிறது. ஆகவே தெர்மாமீட்டரில் 2,000 டிகிரி பிசகினால் எடையில் பல பத்து சூரியன்கள் பிசகும்.

அந்த 2,000 பிசகுவது மிக எளிது. காரணம் காற்று! நராப்ரையில் அளந்த நயோஸ், 40,000 கெல்வின் ஆசாமி, நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தன் உடம்பையே ஊதித் தள்ளுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு பூமி என்ற கணக்கில் நிறையை இழக்கிறது. சூரியக் காற்றைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகம். இந்தக் காற்றும், அதிலுள்ள இரும்பு போன்ற தனிமங்களின் எண்ணற்ற கோடுகளும் போர்வைபோல் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். பழைய மாதிரிகளில் இவற்றைச் சேர்க்கவில்லை. 2000-களின் முதல் பாதியில் சேர்த்துக் கணக்கிட்டபோது ஓ வகை நட்சத்திரங்களின் வெப்பநிலைப் பட்டியலே சில ஆயிரம் கெல்வின் சரிந்தது. ஒரே இரவில் வானத்தின் குண்டர்கள் எல்லோரும் இளைத்தார்கள்.

அப்படியானால் உண்மையான தராசே கிடையாதா? இருக்கிறது. ஜோடி நட்சத்திரம்! ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களின் வேகமும் சுற்றும் காலமும் சாய்வும் தெரிந்தால், கெப்ளர் விதியே எடை போட்டுக் கொடுத்துவிடும். சூடு எத்தனை என்று கேட்கவே வேண்டாம். ஸ்பைகா ஒற்றை நட்சத்திரமல்ல, நான்கே நாளில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு என்பதை 1890-ல் ஹெர்மன் வோகல் கண்டார். நராப்ரைத் தண்டவாளம் அந்தச் சுற்றுப்பாதையின் அகலத்தை அளக்க, பெரியதற்கு 11, சின்னதற்கு 7 சூரிய நிறை என்று முடிவாயிற்று. நாம் மேலே ஒப்பிட்ட அந்த 11 இந்தத் தராசிலிருந்து வந்ததுதான். 2004-ல் டபிள்யூஆர் 20ஏ என்ற ஜோடி சிக்கியது. 3.7 நாளுக்கு ஒரு சுற்று. ஆளுக்கு 80 சூரியனுக்கு மேல்!

ஆனால் இங்கேயும் ஒரு பஞ்சாயத்து. 1992-ல் ஸ்பெயினின் ஆர்டெமியோ ஹெரேரோ குழு ஒன்றைக் கவனித்தது. ஒரே நட்சத்திரத்துக்கு, கோட்டின் அகலத்திலிருந்து எடுத்த எடை ஒன்று. சூட்டையும் ஒளியையும் வளர்ச்சிக் கணக்கில் பொருத்தி எடுத்த எடை வேறொன்று. முதலாவது எப்போதும் குறைவு. நிறைச் சிக்கல் என்றே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காற்றைச் சேர்த்தபின் இடைவெளி குறைந்தது, முழுதாக மறையவில்லை.

போதாக்குறைக்குத் திருட்டு வேறு. ஓ வகை நட்சத்திரங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் தன் வாழ்நாளில் துணையோடு பொருளைக் கொடுத்து வாங்கும் அல்லது ஒன்றோடொன்று இணைந்தே போகும் என்று 2012-ல் கண்டார்கள். அடுத்தவன் சொத்தில் பெருத்த நட்சத்திரம் தன் வயசைவிட இளமையாக, சூடாகத் தெரியும். பழைய நட்சத்திரக் கொத்துகளில் இப்படி நிற்கும் நீல நட்சத்திரங்களை 1953-ல் ஆலன் சாண்டேஜ் முதலில் பார்த்தார். 2015-ல் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி, என்ஜிசி 188 என்ற கிழட்டுக் கொத்தில் அப்படி ஒரு நீல நட்சத்திரத்தின் பக்கத்திலேயே, பொருளைப் பறிகொடுத்துச் சூடான உட்பகுதி மட்டும் மிஞ்சி நின்ற துணையைக் கண்டுபிடித்தது. 17,000 கெல்வின்! திருடியவனும் இழந்தவனும் ஒரே படத்தில்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். எடைதான் நட்சத்திரத்தின் ஜாதகம். சூரியனுக்கு ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. 20 சூரிய நிறைக்கு ஒரு கோடி ஆண்டுகூட முழுதாக இல்லை. ஏறக்குறைய 8 சூரிய நிறைக்கு மேலிருந்தால் கடைசியில் சூப்பர்நோவா. கீழே இருந்தால் வெள்ளைக் குள்ளன். அந்த எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் ஒரு நட்சத்திரம் நிற்கிறது என்பதை அறிய, பெரும்பாலும் கையிலிருப்பது அதன் சூடு ஒன்றுதான்.

நீங்களும் ஒன்றை எடை போட்டுப் பாருங்களேன். தை, மாசி மாத முன்னிரவில் தலைக்கு மேலே ஓரியன் நிற்கும். சிவந்த திருவாதிரைக்குச் சற்று மேற்கே, மற்றொரு தோளில், வெளிர்நீலமாக ஒன்று தெரியும். பெயர் பெல்லாட்ரிக்ஸ், மேற்பரப்பு சுமார் 22,000 கெல்வின். வகுத்து, வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். ஏழரைக்குப் பக்கத்தில் வரும். ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 8. அதே கணக்கைத் திருவாதிரைக்கு மட்டும் போடாதீர்கள். 3,500 கெல்வின்தானே என்று போட்டால் அரைச் சூரியன்கூட வராது. அது பத்து சூரியன்களைத் தாண்டிய, ஊதிப்போன கிழட்டு ராட்சசன்.